வேறு வோல்ட் காயில் போட்ட ஹாட் டப்: கோளாறை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ஹாட் டப்பில், அதாவது சூடான தண்ணீரில் உட்காரும் தொட்டியில், ஹீட்டர் காயில் போய்விட்டால், அதே குழாயில் உட்காரும் இன்னொரு காயிலை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். நீளம் சரி, நட்டு சரி, ஓ-ரிங் சரி. மேலே அச்சிட்டிருக்கும் வோல்ட் மட்டும் வேறு. பழுது பார்க்கப் போகும் இடங்களில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். உருவத்தில் பொருந்துகிற காயில் மின்சாரத்திலும் பொருந்தும் என்று நம்பிவிடுகிறோம். காயிலுக்கு உண்மையான அடையாளம் அதன் ஓம் அளவு. அதை ஒரு முறை அளந்துவிட்டால் கீழே உள்ள கோளாறுகளில் பாதி வரவே வராது.

எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் அவசியம் படித்துவிடுங்கள்.

கை வைக்கும் முன்

டப்பின் மேலிருக்கும் பட்டனில் அணைத்தால் போதாது. டப்புக்கு வரும் மெயின் பிரேக்கரை இறக்குங்கள். வேறு யாரும் தெரியாமல் ஏற்றிவிடாதபடி பூட்டுங்கள். பூட்ட வசதி இல்லையென்றால் ஆள் நிறுத்துங்கள். பிறகு மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருக்கும் ஒரு இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஹீட்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவிலும், ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் நடுவிலும் வையுங்கள். கடைசியாக மறுபடியும் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். மீட்டரே நடுவில் செத்துப்போய் பூஜ்யம் காட்டுவது உண்டு, அதனால்தான் இந்த மூன்றாவது சோதனை.

மின்சாரம் இருக்கும்போது வோல்ட் அளக்க வேண்டிய இடங்களும் கீழே வருகின்றன. நனைந்த தரையில் நின்றுகொண்டு அதைச் செய்யாதீர்கள். பழக்கம் இல்லாதவர்கள் ஓம் சோதனையோடு நிறுத்திக்கொண்டு, வோல்ட் சோதனையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் ஓம் அளவு

காயிலின் இரண்டு கம்பிகளையும் போர்டிலிருந்து, அதாவது டப்பை இயக்கும் மின்பலகையிலிருந்து, கழற்றிவிட்டு அளக்க வேண்டும். போர்டோடு சேர்த்து அளந்தால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் இருக்க வேண்டிய ஓம் கிடைக்கும். அடிக்கடி வரும் காயில்களுக்கு இதோ:

- 240 வோல்ட், 5.5 கிலோவாட்: 10.5 ஓம், 23 ஆம்பியர்
- 240 வோல்ட், 4 கிலோவாட்: 14.4 ஓம், 16.7 ஆம்பியர்
- 230 வோல்ட், 3 கிலோவாட்: 17.6 ஓம், 13 ஆம்பியர்
- 230 வோல்ட், 2 கிலோவாட்: 26.5 ஓம், 8.7 ஆம்பியர்
- 120 வோல்ட், 1.5 கிலோவாட்: 9.6 ஓம், 12.5 ஆம்பியர்
- 120 வோல்ட், 1 கிலோவாட்: 14.4 ஓம், 8.3 ஆம்பியர்

பத்து சதவீதம் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம்.

பட்டியலில் இரண்டாவதையும் கடைசியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் 14.4 ஓம்தான். 120-லும் 240-லும் ஓடக்கூடிய டப்புகளில் ஒரே காயில் இரண்டு வேலையும் செய்வது இப்படித்தான்: 240 கொடுத்தால் 4 கிலோவாட், 120 கொடுத்தால் 1 கிலோவாட். வோல்ட் பாதியானால் சூடு கால் பங்காகிறது, வோல்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகிறது. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் ஓம் ஒன்று என்பதால் எந்த 120 வோல்ட் காயிலையும் 240-ல் போட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1 கிலோவாட்டுக்கு என்று மட்டும் செய்த காயிலில் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் உறையின் நீளம் குறைவாக இருக்கலாம். அதன் வழியாக 4 கிலோவாட் போனால் உறை தாங்காது. இரண்டு வோல்ட்டும் மேலேயே அச்சிட்டிருந்தால் மட்டும் இரண்டுக்கும் பயன்படுத்துங்கள்.

கோளாறு 1: சூடாகிறது, ஆனால் ஒரு நாள் பூராவும் எடுக்கிறது

அதிகம் வருவது இதுதான், ஆபத்து குறைவானதும் இதுதான்.

முதலில் உண்மையிலேயே மெதுவா என்று கணக்குப் போடுங்கள். கிலோவாட்டை 860-ஆல் பெருக்கி, தண்ணீரின் லிட்டரால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டிகிரி ஏற வேண்டும் என்று தெரியும். 1200 லிட்டர் டப்பில் 5.5 கிலோவாட் காயில் மணிக்கு 4 டிகிரி செல்சியஸ் ஏற்ற வேண்டும். அதே காயிலுக்கு 120 வோல்ட்தான் போகிறது என்றால் 1.4 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும்; மணிக்கு 1 டிகிரிதான் ஏறும். 15 டிகிரித் தண்ணீரை 38-க்குக் கொண்டுவர முதல் கணக்கில் சுமார் 6 மணி நேரம், இரண்டாவதில் கிட்டத்தட்ட ஒரு நாள். அதுவும் மூடி போட்டு, சூடு வெளியே போகாமல் இருந்தால். குளிர் காலத்தில் மணிக்கு 1 டிகிரி ஏற்றுகிற சூடு இழப்புக்கே சரியாகிவிடும். தண்ணீர் 30 டிகிரியில் வந்து நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏறவில்லை என்று சொல்பவர்களின் டப்பில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

*மூடி, ஃபில்டர்.* மூடி தண்ணீர் குடித்துக் கனத்துப்போயிருந்தால் சூடு நிற்காது. ஃபில்டர் அடைத்திருந்தால் ஹீட்டர் விட்டுவிட்டு எரியும். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். செலவு இல்லாத சோதனை.

*காயிலின் வோல்ட்.* மேலே சொன்னபடி ஓம் அளந்து, காயிலில் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 120 வோல்ட் டப்பில் 240 வோல்ட் காயில் போட்டிருந்தால் அது கெட்டுப்போகாது, மெதுவாக எரியும், அவ்வளவுதான். இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. பழைய காயில் 1 கிலோவாட் என்றால் அது 8.3 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் 240 வோல்ட், 5.5 கிலோவாட் காயிலை அதே 120 வோல்ட்டில் போட்டால் 11.5 ஆம்பியர் எடுக்கும். அதோடு பம்பும் சேர்ந்தால் 15 ஆம்பியர் பிளக் தாங்காது. மெதுவாக எரிவதால் பாதுகாப்பானது என்று இருந்துவிடாமல் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் அன்றே நிறுத்துங்கள்.

*போர்டில் உள்ள ஜம்பர்.* இரண்டு வோல்ட்டிலும் ஓடும் டப்புகளில் போர்டில் ஒரு சின்னக் கம்பி இருக்கும். ஹீட்டரின் ஒரு முனையை நியூட்ரலோடு இணைப்பதா, இரண்டாவது லைனோடு இணைப்பதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. வீட்டுக்கு 240 இழுத்தாகிவிட்டது, காயிலும் 240, ஆனால் ஜம்பர் பழைய இடத்திலேயே இருக்கிறது என்றால் காயிலுக்கு 120-தான் போகும். போர்டு இருக்கும் பெட்டியின் மூடியில் உள்பக்கம் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் ஜம்பர் எங்கே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அந்த மாடலுக்கான வரைபடத்தைப் பார்க்காமல் ஜம்பரை நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு போர்டிலும் இடம் வேறு.

*ஒரு லைன் வரவில்லை.* இரண்டு லைன் கம்பிகள் வர வேண்டிய டப்பில் ஒன்று அறுந்துவிட்டாலும், திரை எரியும், விளக்கு எரியும், பம்ப் கூட ஓடலாம். ஹீட்டர் மட்டும் சாகும் அல்லது குறையும். பிரேக்கரின் வெளியே வரும் பக்கத்தில் இரண்டு லைன்களுக்கும் நடுவே 240 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிறது, ஆனால் போர்டில் வரவில்லை என்றால் நடுவே கேபிளிலோ இணைப்பிலோ கோளாறு. அங்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

*வோல்ட் கொஞ்சம் குறைவு.* 240-க்குச் செய்த 5.5 கிலோவாட் காயில் 230-ல் ஏறக்குறைய 5 கிலோவாட் கொடுக்கும், 208-ல் 4.1 கொடுக்கும். இது கோளாறு இல்லை. 60 ஹெர்ட்ஸ் நாட்டிலிருந்து 50 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு வந்த டப்பிலும் காயிலுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. பம்ப் மோட்டாரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

கோளாறு 2: ஜெட் ஓடும்போது மட்டும் சூடு நின்றுவிடுகிறது

பெரும்பாலும் இது பழுதே இல்லை. 120 வோல்ட்டிலும், ஆம்பியர் குறைவாக வரும் இணைப்பிலும், பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது ஹீட்டரை அணைத்துவிடும்படி போர்டில் அமைப்பு இருக்கும். 240-க்கு மாற்றி, கேபிளும் பெரிதாகப் போட்ட பிறகும் அப்படியே இருந்தால் போர்டில் உள்ள சின்ன ஸ்விட்சுகளில் ஒன்று பழைய நிலையில் இருக்கிறது என்று பொருள். வரைபடத்தைப் பார்த்து மாற்றலாம். ஆனால் கேபிளையும் பிரேக்கரையும் பெரிதாக்காமல் ஸ்விட்சை மட்டும் மாற்றினால் அடுத்த கோளாறு வந்து நிற்கும்.

கோளாறு 3: ஹீட்டர் எரியத் தொடங்கியதும் பிரேக்கர் விழுகிறது

எப்போது விழுகிறது என்பதிலேயே விடை இருக்கிறது.

*போட்ட அதே நொடியில் விழுந்தால்* ஷார்ட்டா, லீக்கேஜா (மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறதா) என்று பார்க்க வேண்டும். உங்கள் பிரேக்கர் லீக்கேஜையும் பிடிக்கும் வகை என்றால், அதாவது ஆர்சிடி அல்லது ஜிஎஃப்சிஐ என்றால், கோளாறு 4-க்குப் போங்கள். சாதாரண பிரேக்கர் என்றால் காயிலின் ஓம் அளந்து பாருங்கள். 1 ஓமுக்கும் கீழே இருந்தால் காயில் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. காயில் சரியாக இருந்தால் முனைக் கம்பி எங்காவது உலோகக் குழாயைத் தொடுகிறதா என்று பாருங்கள். புதுக் காயிலின் முனைகள் பழையதைவிட நீளமாக இருந்து குழாய் மூடியில் உரசுவதைப் பார்த்திருக்கிறேன்.

*பத்து நிமிடம், அரை மணி கழித்து விழுந்தால்* ஆம்பியர் மீறுகிறது, இல்லையென்றால் பிரேக்கரின் இணைப்பு தளர்ந்து சூடாகிறது. கிளாம்ப் மீட்டரை ஒரு லைன் கம்பியில் மாட்டி, ஹீட்டரும் பம்பும் சேர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று பாருங்கள். பிரேக்கரில் போட்டிருக்கும் எண்ணில் 80 சதவீதத்தைத் தொடர்ந்து தாண்டுகிறது என்றால் அந்த இணைப்பு இந்தக் காயிலுக்குப் போதாது. அதற்குக் கீழேயே இருந்தும் விழுகிறது என்றால் பிரேக்கர் பழசாகிவிட்டது அல்லது அதன் திருகு தளர்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிரேக்கர் விழுகிறது என்று பெரிய பிரேக்கர் வாங்கி மாட்டாதீர்கள். பிரேக்கர் காப்பது சுவருக்குள் ஓடும் கேபிளை. கேபிள் அதே கனத்தில் இருக்க, பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால் அடுத்து எரிவது சுவர். கேபிளின் கனம், தூரம், பிரேக்கரின் அளவு மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது எலெக்ட்ரீஷியன் வேலை. 120 வோல்ட் பிளக்கில் ஓடிய டப்பை 240-க்கு மாற்றுவது என்பது காயில் மாற்றுவதோடு முடிகிற வேலை இல்லை. அதற்குத் தனிக் கேபிள், தனிப் பிரேக்கர், லீக்கேஜ் பாதுகாப்பு, டப்பிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் ஒரு மெயின் ஸ்விட்ச், இவ்வளவும் வேண்டும்.

கோளாறு 4: லீக்கேஜ் பிரேக்கர் விழுகிறது

பொறுமையாகப் பார்க்க வேண்டிய கோளாறு. டப்பில் உட்காருபவர்களின் உயிரைக் காப்பது இந்தப் பிரேக்கர்தான். எந்தக் காரணத்துக்காகவும், "சும்மா ஒரு சோதனைக்கு" என்றுகூட, இதைத் தாண்டி நேர் இணைப்பு கொடுக்காதீர்கள்.

*முதல் கிளை: ஹீட்டரைப் பிரித்துப் பாருங்கள்.* மின்சாரத்தை நிறுத்தி, காயிலின் இரண்டு கம்பிகளையும் கழற்றி, தனித்தனியே டேப் சுற்றி, ஒன்றையொன்று தொடாமல் வைத்துவிட்டு, மூடியை மூடியபின் பிரேக்கரை ஏற்றுங்கள். நிற்கிறதா? அப்படியென்றால் குற்றவாளி காயில். மறுபடியும் விழுகிறதா? பம்ப், ஓசோன் கருவி, ப்ளோயர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள், எதைப் பிரித்ததும் நிற்கிறதோ அது.

ஒரு கம்பியை மட்டும் கழற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். இன்னொரு கம்பி வழியாக காயில் முழுவதும் மின்சாரத்தில்தான் இருக்கும், லீக்கேஜும் தொடரும். ஹீட்டர் எரியாதபோதும் பிரேக்கர் விழுகிறதே என்று குழம்புபவர்களுக்கும் பதில் இதுதான்: சில போர்டுகளில் ஒரு பக்கக் கம்பியை மட்டும் ரிலே (ஹீட்டரைப் போட்டு அணைக்கும் மின் ஸ்விட்ச்) துண்டிக்கிறது. அணைந்திருக்கும் காயிலும் இன்னொரு பக்கத்தில் மின்சாரத்தோடு தொடர்பில்தான் இருக்கிறது.

*இரண்டாவது கிளை: காயிலா என்று உறுதி செய்தல்.* காயிலின் முனைக்கும் அதன் உலோக உறைக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். மீட்டர் எல்லையில்லை என்று காட்ட வேண்டும். 120 வோல்ட்டில் 5 மில்லிஆம்பியர் கசிய 24 கிலோ ஓம் வழி இருந்தால் போதும். அமெரிக்க வகை ஜிஎஃப்சிஐ விழுவது அந்த 5 மில்லிஆம்பியர் அளவில். பல நாடுகளில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி இருக்கும், அதனால் ஒரு டப்பில் நின்றுவிடும் கசிவு இன்னொரு டப்பில் பிரேக்கரை விழவைக்கும்.

மீட்டர் எல்லையில்லை என்று காட்டியும் பிரேக்கர் விழுந்தால் காயிலை விடுவித்துவிடாதீர்கள். மீட்டரின் பேட்டரி கொடுக்கும் சில வோல்ட்டில் தெரியாத கசிவு 240-ல் தெரியும். அதற்கு மெகர் என்ற கசிவு பார்க்கும் மீட்டர் வேண்டும், 500 வோல்ட்டில் வைத்துச் சோதிப்பார்கள். நல்ல காயில் பல மெகா ஓம் காட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுவது நல்லது. மெகரைப் பயன்படுத்தும்போது காயில் போர்டிலிருந்து முழுக்கப் பிரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் 500 வோல்ட் போர்டுக்குள் போய் அதையும் கொன்றுவிடும்.

புதுக் காயிலே கசிகிறது என்றால் மூன்று காரணங்களைப் பார்க்கிறேன். காயிலுக்குள் நிரப்பியிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுக்கும். ஈரமான இடத்தில் நெடுநாள் கிடந்த காயில் புதிதாக இருந்தும் கசியும். அடுத்தது, மாட்டும்போது முனையை முறுக்கி அதன் அடைப்பை உடைத்துவிடுவது. மூன்றாவது, வேறு வோல்ட்டில் ஓடி உறை வெடித்தது. முதலாவதில் கடையில் திருப்பிக் கொடுங்கள், மாட்டாதீர்கள்.

*மூன்றாவது கிளை: காயில் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் விழுகிறது.* 120-லிருந்து 240-க்கு மாற்றிய டப் என்றால் உடனே நியூட்ரல் கம்பியைப் பாருங்கள். டப்பிலிருந்து வரும் நியூட்ரல் ஜிஎஃப்சிஐ பிரேக்கரின் நியூட்ரல் முனைக்கே போக வேண்டும். பிரேக்கரிலிருந்து சுருளாக வரும் வெள்ளைக் கம்பிதான் பெட்டியின் நியூட்ரல் பட்டைக்குப் போக வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டாலோ, டப்பின் நியூட்ரலை நேராகப் பட்டையில் இறுக்கினாலோ, டப்பில் 120 வோல்ட்டில் ஓடும் ஏதாவது ஒன்று தொடங்கியதும் பிரேக்கர் விழும். குறை காயிலில் இல்லாமலேயே காயிலை இரண்டு முறை மாற்றியவர்கள் உண்டு. பெட்டியைத் திறப்பது எலெக்ட்ரீஷியன் வேலை. ஆனால் அவரிடம் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும்.

கோளாறு 5: புதுக் காயில் ஓரிரு நாளில் எரிந்துவிட்டது

120 வோல்ட் காயிலை 240-ல் போட்டால் நடப்பது இது. 1.5 கிலோவாட் காயில் 6 கிலோவாட்டாக எரியப் பார்க்கும், 25 ஆம்பியர் இழுக்கும். பிரேக்கர் பெரிதாக இருந்தால் விழாது, காயில்தான் விழும். உறை கறுத்து, வீங்கி, ஒரு இடத்தில் பிளந்திருக்கும்.

காயிலை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டாதீர்கள். அவ்வளவு ஆம்பியர் போர்டின் ரிலே வழியாகவும் போயிருக்கிறது. ரிலே மேல் 30 ஆம்பியர் என்று இருக்கலாம், ஆனால் போர்டில் ஓடும் செம்புத் தடமும் முனைகளும் அந்தச் சூட்டைத் தாங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பழுப்பு நிறம், உப்பிய தடம், கருகிய வாசனை எதுவும் இருந்தால் போர்டையும் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

மூன்று பேஸ் வரும் இடங்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. 230 வோல்ட் காயில்கள் மூன்றை ஸ்டாரில் (ஒவ்வொன்றும் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே) இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் 230 கிடைக்கும். அதையே டெல்டாவில் (ஒவ்வொன்றும் இரண்டு பேஸ்களுக்கு நடுவே) இணைத்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 400, சூடு மூன்று மடங்கு. 3 கிலோவாட் காயில் 9 கிலோவாட்டாக எரியும். மூன்று பேஸ் இணைப்பை நீங்களே மாற்றாதீர்கள், முதல் நிமிடத்திலிருந்தே தொழில்முறை ஆளிடம் விடுங்கள்.

வோல்ட் சரியாக இருந்தும் எரிந்திருந்தால் தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது, அல்லது தண்ணீரின் அமிலம் உறையை அரித்திருக்கிறது. பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நெடுநாள் அதற்குக் கீழே கிடந்தால் எந்தக் காயிலும் நிற்காது. உறையில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் இருந்தால் அது அரிப்பு. ஒரே இடத்தில் கறுத்துப் பிளந்திருந்தால் அது வறட்சி அல்லது வோல்ட்.

கோளாறு 6: கொஞ்சமும் சூடில்லை

திரையில் ஹீட்டர் அடையாளம் எரிகிறதா? எரியவில்லை என்றால் போர்டு சூட்டைக் கேட்கவே இல்லை. செட் செய்த வெப்பநிலை, சிக்கன நிலை, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ ஸ்விட்ச் மூன்றையும் பாருங்கள்.

எரிகிறது, ஆனால் சூடு இல்லை என்றால் ஓம் பாருங்கள். எல்லையில்லை என்று காட்டினால் காயில் அறுந்துவிட்டது. ஓம் சரியாக இருந்தால், ஹீட்டர் ஓடும்போது அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே வோல்ட் பார்க்க வேண்டும். பூஜ்யம் என்றால் ரிலே அல்லது அதிவெப்பப் பாதுகாப்பு ஸ்விட்ச். கான்டாக்டர் (பெரிய ரிலே) வைத்த டப்பில் அதை இயக்கும் சுருள் எத்தனை வோல்ட்டுக்கானது என்றும் பாருங்கள். டப்பை வேறு வோல்ட்டுக்கு மாற்றும்போது காயிலை நினைவில் வைப்பவர்கள் கான்டாக்டர் சுருளை மறந்துவிடுகிறார்கள்.

கோளாறு 7: சூடு மீறியது, தண்ணீர் இல்லை என்று திரை சொல்கிறது

காயில் மாற்றியதும் இது வந்தால் பத்தில் எட்டுக்கு மேல் காற்று அடைப்புதான் என்று நினைத்துத் தொடங்குங்கள். தண்ணீரை வடித்துவிட்டு நிரப்பும்போது பம்பில் காற்று நின்றுவிடும். பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கும், தண்ணீர் நகராது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பம்பின் மேலிருக்கும் யூனியனை (குழாயை இணைக்கும் பெரிய திருகு வளையத்தை) மெதுவாகத் தளர்த்துங்கள். காற்று சீறிக்கொண்டு வெளியேறி, தண்ணீர் ஒழுகத் தொடங்கியதும் இறுக்கிவிடுங்கள்.

போகவில்லையா? ஃபில்டர், மூடியிருக்கும் வால்வு, பிறகு சென்சார். புதுக் குழாயில் சென்சார் துளை வேறு இடத்தில் இருந்தால் சென்சார் காயிலுக்கு மிக அருகில் உட்கார்ந்துவிடும். தண்ணீர் சூடாகும் முன்பே அது அலறும். இன்னொன்று, பழையதைவிடக் கிலோவாட் அதிகமான காயிலைப் போட்டால், சின்னச் சுழற்சிப் பம்பு தள்ளும் தண்ணீர் அதற்குப் போதாமல் போகலாம். அப்போது காயிலைத் தயாரிப்பாளர் சொன்ன கிலோவாட்டுக்குக் குறைப்பதுதான் வழி. சென்சாரை ஏமாற்றும் வேலை வேண்டவே வேண்டாம்.

கோளாறு 8: முனை கருகுகிறது

தளர்ந்த நட்டுதான் காரணம். ஒவ்வொரு முனையிலும் இரண்டு நட்டுகள் இருக்கும். கீழ் நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை இன்னொரு ஸ்பேனரால் இறுக்க வேண்டும். ஒரே ஸ்பேனரால் இறுக்கினால் முனையே சுழன்று, உள்ளே உள்ள அடைப்பு உடைந்து, கோளாறு 4-ல் போய் நிற்கும். கருகிய கம்பி முனையை வெட்டிப் புது லக் (கம்பி நுனியில் மாட்டும் உலோக வளையம்) போடுங்கள். கருகியது போர்டின் முனை என்றால் தேய்த்துச் சுத்தம் செய்து ஓட்டாதீர்கள், மறுபடி கருகும்.

கோளாறு 9: செட் செய்ததைத் தாண்டிச் சூடு ஏறிக்கொண்டே போகிறது

யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். 40 டிகிரிக்கு மேல் போன தண்ணீர் உடம்புக்கு ஆபத்து. மெயின் பிரேக்கரை இறக்குங்கள், மூடியைத் திறந்துவிடுங்கள். ஆம்பியர் மீறி ஓடிய ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் போர்டு அணைக்கச் சொன்னாலும் ஹீட்டர் அணையாது. நீங்களாகச் சோதிக்க இதில் ஒன்றுமில்லை. பழுது பார்ப்பவரை அழையுங்கள்.

அழைக்கும்போது சொல்ல வேண்டியவை

பழைய காயிலில் அச்சிட்டிருந்த வோல்ட், கிலோவாட். புதுக் காயிலில் அச்சிட்டிருப்பது. இரண்டின் ஓம் அளவு. பிரேக்கரின் ஆம்பியர், அது லீக்கேஜ் வகையா இல்லையா. டப்புக்கு எத்தனை கம்பிகள் வருகின்றன. போர்டின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்புங்கள். பழைய காயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எரிந்த இடமும் எரிந்த விதமும் வருகிற ஆளுக்குத் தேவைப்படும்.

அதுவரை டப்பை அணைத்தே வைத்திருக்க வேண்டியிருந்தால், உறையும் குளிர் உள்ள இடத்தில் தண்ணீரை வடித்து, பம்பிலும் ஹீட்டர் குழாயிலும் நிற்பதையும் வெளியேற்றிவிடுங்கள்.